மூன்றாம் எண் குழாயும் பார்வதி அக்காவின் டிபன் கேரியரும்

மூன்றடுக்கு டிபன் கேரியர். மூன்று அடுக்குகளையும் தனித்தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் மூடி, மூடியின் மேல் ஒரு கரண்டி. கழுவிய நேர்த்தி தெரிந்தது. ஒரு எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. நல்ல எவர்சில்வர், நல்ல கை.

வைத்திருந்த இடம்தான் என் ரத்தக் கொதிப்பை ஏற்றியது. இடுப்பு உயரத்தில் ஒரு மஞ்சள் கிண்ணம். கிண்ணத்துக்குள் மேல்நோக்கிப் பார்க்கும் இரண்டு குழாய் முனைகள். பின்னால் பச்சைப் பலகையில் பெரிய கண் ஒன்றின் படம். எங்கள் தொழிற்சாலையின் மூன்றாம் எண் அவசரக் கண் கழுவும் குழாய் அது. அதன் மேல் பார்வதி அக்காவின் டிபன் கேரியர் காய்ந்துகொண்டிருந்தது.

கைத்தொலைபேசியை எடுத்தேன். இன்றைக்கு விடப்போவதில்லை என்று முடிவு செய்தேன்.

இந்தக் கதையை எழுத நான் நினைத்திருக்கவில்லை. போன வாரம் இதே பத்தியில், வேலைக்குத் தினமும் நான் தீவிலிருந்து கடந்து வரும் பாலத்து மழையைப் பற்றி எழுதும்போது, 'அப்போது நான் மூன்று வாரம் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த நேரம்' என்று ஒரு வரி தவறி விழுந்துவிட்டது. அவ்வளவுதான். ஜெலுத்தோங் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவனை ஒரு வாசகர் பிடித்துக்கொண்டார். "கண்ணுக்கு என்னண்ணே ஆச்சு? அத எழுதாம மழைய எழுதுறீங்க?" என்றார். கையில் கெம்போங் மீனோடு நின்று எவ்வளவு சொல்ல முடியும்? இங்கே சொல்லிவிடுகிறேன். என் மானம்தான் போகும்.

சும்மா கிடக்கிற தண்ணீர்

புக்கிட் தெங்காவில், இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றில் நான் பாதுகாப்பு அதிகாரி. பெயர் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. 'சேஃப்டி அண்ணே'தான். அண்ணே என்பதில் உள்ள மரியாதை சேஃப்டி என்பதில் கிடையாது. நான் வருவதைப் பார்த்தால் தலைக்கவசங்கள் தலைக்கு ஏறும், போனதும் இறங்கிவிடும்.

முலாம் பூசுவதற்கு முன்னால் இரும்பின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க காஸ்டிக் கரைசலில் முக்குவார்கள். அந்தக் கரைசல் எண்ணெயைத் தின்பது போலவே கண்ணையும் தின்னும். கண்ணில் பட்டால் பத்து விநாடிக்குள் கண் கழுவும் குழாய்க்குப் போய்விட வேண்டும். பக்கத்தில் உள்ள, உள்ளங்கை அகலத் தட்டியை அமுக்கினால் இரண்டு முனைகளிலிருந்தும் தண்ணீர் பொங்கி வரும். இமைகளை விரல்களால் பிரித்துப் பிடித்து, விடாமல் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். அதற்குப் பிறகுதான் மருத்துவமனை, வண்டி, அழுகை எல்லாம்.

இதை ஆண்டுக்கு இரண்டு முறை விசில் ஊதிச் சொல்லிக்கொடுப்பேன். பாதிப் பேர் தூங்குவார்கள்.

யாருக்கும் தேவைப்படக் கூடாது என்று வேண்டிக்கொண்டே எந்நேரமும் தயாராக வைத்திருக்க வேண்டிய சாமான் அது. ஆனால் நம் ஆட்களுக்கு ஒரு சாமான் சும்மா இருந்தால் கை அரிக்கும். முதல் எண் குழாயில் மழைக்கோட்டு தொங்கும். இரண்டாம் எண் குழாய்க் கிண்ணத்தில் ஒருமுறை கப்பி மீன் இரண்டு நீந்திக்கொண்டிருந்தன. யார் விட்டது என்று கேட்டேன். ஆளாளுக்கு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். மீன்களுக்கு மட்டும் மறுநாளும் தீனி போடப்பட்டிருந்தது.

இதற்கு முன்னால் நான் வேலை பார்த்த இடம் இன்னும் மோசம். தீவுப் பக்கத்தில் ஒரு சோப்பு கம்பெனி. அங்கே குழாய் கிடையாது, சுவரில் மாட்டிய மருந்துத் தண்ணீர் போத்தல்கள்தான். காலாவதியான போத்தல்களை அகற்றச் சொன்னேன். அகற்றவில்லை, காவலாளி தன் காகிதப்பூச் செடிக்கு அவற்றை ஊற்றிவிட்டு, கிணற்றுத் தண்ணீரை நிரப்பித் திரும்ப மாட்டியிருந்தார். "தண்ணி கிளீன்லா பாஸ், நானே குடிக்கிறேன்" என்று எனக்கு முன்னாலேயே ஒரு மடக்குக் குடித்தும் காட்டினார். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் நான் வேலையை விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று நிறப் பேனா

ஒவ்வொரு குழாயிலும் ஓர் அட்டை தொங்கும். வாரம் ஒருமுறை தட்டியை அமுக்கி, குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போகும்வரை ஓடவிட்டு, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். இந்த வேலை சேகரிடம் இருந்தது. சேகர் அந்தப் பகுதியின் சூப்பர்வைசர், நல்ல உழைப்பாளி, பேப்பர் என்றால் மட்டும் அலர்ஜி.

ஒரு நாள் அட்டையைப் பார்த்தேன். இன்னும் வராத இரண்டு வாரங்களுக்கும் சேர்த்துக் கையெழுத்து இருந்தது. அதில் ஒரு தேதி தீபாவளி. தொழிற்சாலைக்கே பூட்டு.

"தீபாவளி அன்னைக்கு வந்து குழாயத் தொறந்து பாத்தியா?"

"இல்லண்ணே. முன்னாடியே போட்டு வச்சா வேல கொறையும்லா."

"எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. பாக்குறவன் கேணையனா?"

"அப்ப அடுத்த தடவ வேற பேனாவுல போடவா?"

தலையில் அடித்துக்கொண்டு, இனிமேல் நானே பார்க்கிறேன் என்று வேலையைப் பிடுங்கிக்கொண்டேன். முதல் மாதம் ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டாம் மாதம் அட்டைகளை அலுவலகத்துக்கே எடுத்து வந்தேன். மூன்றாம் மாதம், இதை எழுதும்போது கை கூசுகிறது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே நீலம், கறுப்பு, பச்சை என்று மூன்று பேனாக்களால் 'ஓகே, ஓகே, ஓகே' என்று எழுதினேன். யோசனை கொடுத்தது சேகர்தான். செய்தது நான்.

பார்வதி அக்கா

பார்வதி அக்கா பைராம் தோட்டத்துப் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். முலாம் பூசிய சாமான்களைத் துடைத்து அடுக்கும் வேலை. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். எத்தனை சண்டை போட்டாலும் இந்த மரியாதை மட்டும் குறைந்ததில்லை.

சண்டை எல்லாம் அந்த டிபன் கேரியரால்தான். கேண்டீன், கட்டடத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. அங்கே கை கழுவும் தொட்டி ஒன்றே ஒன்று. சாப்பிட்டதும் அக்கா டிபனைத் தூக்கிக்கொண்டு நேராக மூன்றாம் எண் குழாய்க்கு வந்துவிடுவார்.

"அக்கா, இது சட்டி கழுவுற எடமா?"

"சட்டி இல்லண்ணே, டிபன்."

"மருந்து புழங்குற எடத்துல சாப்பாட்டுச் சாமான் கொண்டு வரலாமா? நாளைக்கு உங்க வயித்துக்குத்தான் கேடு."

"கேண்டீன்ல கியூ நின்னா பிரேக்கே முடிஞ்சிரும். கழுவாம கொண்டு போனா பஸ் பூரா கருவாட்டு வாடை. எல்லாரும் என்னையப் பாக்குறாங்க. இங்க தண்ணி சும்மாதானே கெடக்கு?"

"சும்மா கெடக்கல அக்கா. யாருக்காவது கண்ணுல ஏதும் பட்டா வேணும்னு காத்துக்கிட்டுக் கெடக்கு."

"அப்படிப் பட்டா டிபன எடுத்துக்குறேன். இப்ப யாருக்கும் படலியே?"

வெள்ளிக்கிழமை ஆனால் டிபனோடு, சாமி படத்துக்கு வைக்கும் பூவையும் அதே தண்ணீரில் அலசுவார். இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாகிவிட்டது. இரண்டையும் வாங்கி, நாலாக மடித்து, அதே டிபன் பையில் போட்டுக்கொண்டார். மூன்றாவது கடிதம் கொடுத்தால் வேலை போய்விடும் என்பது எங்கள் கம்பெனி விதி. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் அடைத்தேன்

ஒரு நாள் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வருவதாகச் செய்தி வந்தது. தணிக்கை என்றால் எங்கள் மேலாளருக்குக் காய்ச்சல் வந்துவிடும். கண் கழுவும் குழாய்களைத் தூசு படாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றிவைக்கலாமா என்று கேட்டார். அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டு வருகிறவன் முதலில் கத்தரிக்கோல் தேடுவான் என்று சொல்லி, அதைத் தடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மூன்றாம் எண் குழாய்க்குக் கீழே மட்டும் தரை எப்போதும் ஈரம். அக்காவின் உபயம். வருகிறவர் வழுக்கி விழுந்தால் என் பெயர்தான் நாறும். எத்தனை சொல்லியும் கேட்காத எரிச்சலும் சேர்ந்துகொண்டது. கிண்ணத்துக்குக் கீழே முழங்கால் உயரத்தில் இருந்த வால்வின் கைப்பிடியைத் திருப்பி அடைத்தேன். யாரும் திறக்காதபடி வெள்ளை நிறப் பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றைப் போட்டு இறுக்கினேன். இரண்டு நாளைக்குத்தானே என்று நினைத்தேன்.

தணிக்கைக்காரர் வந்தார், டீ குடித்தார், போனார். தரை காய்ந்திருந்ததைப் பாராட்டினார். நான் திறக்க மறந்தேன். அதற்குப் பிறகும் பச்சைப் பேனாவில் ஓகே போட்டேன்.

பன்னிரண்டு நாற்பத்திரண்டு

இனி முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன்.

தண்ணீரை அடைத்த பிறகும் டிபன் அங்கே காய்கிறது என்றால் என்ன அர்த்தம்? வேறெங்கோ கழுவிவிட்டு, இதைப் பாத்திரம் கவிழ்க்கும் அலமாரியாக ஆக்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது கடிதம் தட்டச்சாகி என் மேசை இழுப்பறையில் இருந்தது. கூடவே வைக்க ஒரு படம்தான் குறை.

கீறல் விழுந்த பாதுகாப்புக் கண்ணாடி வழியாகத் தொலைபேசித் திரை சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினேன். இதே குற்றத்துக்காக நான் எத்தனை பேரைக் கிழித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு படம் எடுத்தேன். கிட்டே போய் இன்னொன்று எடுக்கலாம் என்று நகர்ந்தேன்.

எனக்கு வலப்பக்கம் சேகர் காஸ்டிக் பீப்பாயிலிருந்து பம்புக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தான். இணைப்பு நழுவியது. ஒரு கை அள்ளும் கரைசல்கூட இருக்காது. அது நேராக என் முகத்துக்கு வந்தது.

முதலில் வழுவழுப்பு. சோப்புத் தண்ணீர் போல. ஐயோ என்று சொல்வதற்குள் எரிய ஆரம்பித்தது. மிளகாய் எரிச்சல் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இமை தானாக இறுக மூடிக்கொண்டது. சேகர் "அல்லாமாக்! அண்ணே! அண்ணே!" என்று அலறியது கேட்டது.

எனக்கு முன்னால் நாலே எட்டில் கண் கழுவும் குழாய் இருந்தது. அதை அடைத்தவன் நான்.

"ரெண்டாம் நம்பர்! ரெண்டாம் நம்பருக்குக் கூட்டிட்டுப் போ!" என்று கத்தினேன். இரண்டாம் எண் குழாய், கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது. பத்து விநாடியில் அல்ல, ஒரு நிமிடத்தில்கூடப் போய்ச் சேர முடியாது. பயந்துபோனேன். மனசில் பெரிய பெரிய நினைப்பெல்லாம் வரவில்லை. சாயங்காலம் பாலத்தில் என் மோட்டார் சைக்கிளை யார் ஓட்டுவது என்றுதான் தோன்றியது.

ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்தது. கணகணவென்று எவர்சில்வர் தரையில் விழுந்து உருண்டது.

"வாங்க இப்படி. குனிங்க."

"அதுல தண்ணி இல்லக்கா! அடைச்சு வச்சிருக்கேன்!"

"பேசாமக் குனிங்கண்ணே."

தண்ணீர் வந்தது. வெதுவெதுப்பாக வந்து, பிறகு குளிர்ந்தது. இரண்டு கண்ணிலும் பொங்கி வந்தது. எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

அக்கா என் இமைகளைக் கட்டைவிரலால் பிரித்துப் பிடித்தார். கையில் பாத்திரம் கழுவும் எலுமிச்சை சோப்பின் வாசனை. இரண்டு நிமிடம் ஆனதும் எரிச்சல் கொஞ்சம் தணிந்தது. போதும் என்று தலையைத் தூக்கினேன். பிடரியில் ஒரு அமுக்கு.

"பன்னெண்டு நாப்பத்திரெண்டுக்கு ஆரம்பிச்சது. அம்பத்தேழு ஆகுற வரைக்கும் தூக்கக் கூடாது."

"அக்கா, மூச்சு முட்டுது."

"பதினஞ்சு நிமிஷம்னு நீங்கதானே விசில் ஊதிச் சொன்னீங்க? கண்ண உருட்டுங்க. மேல. கீழ. அந்தப் பக்கம். இந்தா சேகரு, மரம் மாதிரி நிக்காத, போய் வேனக் கொண்டா."

பயிற்சியில் முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் இவர்தான். தூங்குகிறார் என்று என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

படத்தில் இருந்தது

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர், காரம் மிச்சமிருக்கிறதா என்று என் கண்ணோரத்தில் காகிதத் துண்டை ஒற்றிப் பார்த்தார், இன்னும் கொஞ்ச நேரம் கழுவினார், விளக்கடித்துப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் கழுவினீங்க?" என்று கேட்டார்.

"பதினைந்து நிமிடம்."

"நிஜமாவே பதினைந்தா?"

"நிஜமாவே. கடிகாரம் பார்த்து."

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் கழுவியிருக்க மாட்டார்கள் என்றார் அவர். நான் கழுவியிருந்தது கண்ணிலேயே தெரிகிறதாம். மேல் தோல் உரிந்திருக்கிறது, பார்வைக்கு மோசம் வராது, கறுப்புக் கண்ணாடி போடுங்கள் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மருந்தினால் வந்த கண்ணீர் என்று அவர் நினைத்திருக்கலாம்.

நான்கு நாள் கழித்து, நன்றாகத் தெரிந்த இடது கண்ணால் தொலைபேசியில் அந்தப் படத்தைப் பார்த்தேன். டிபன், மூடி, கரண்டி. கிண்ணத்துக்குக் கீழே வால்வு. விரலால் பெரிதாக்கினேன். கைப்பிடி குழாயோடு சேர்ந்து நேராக நின்றது. அப்படி நின்றால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். என் கேபிள் டை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்று கட்டியிருந்தது. பூக்கட்டுகிற நூல். முடிச்சில் காய்ந்த மல்லிகைக் காம்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். அத்தனை நாளில் நான் ஒரு தடவையாவது குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வேலைக்குத் திரும்பியதும் அக்காவிடம் கேட்டேன்.

"என்னைக்குக்கா வெட்டுனீங்க அத?"

"நீங்க கட்டுன மறுநாளே. நீங்க பாத்தா வருத்தப்படுவீங்களேன்னு நூல கட்டி, தரையையும் தெனம் தொடச்சு விட்டேன்."

வருத்தப்படுவேனாம்! அன்றே மற்றக் குழாய்களையும் நானே திறந்து பார்த்தேன். முதல் எண் இருமியது, காற்று விட்டது, பிறகு தேத்தண்ணி நிறத்தில் துருவைக் கக்கியது. இரண்டாம் எண் முனையின் மூடிக்குள் எறும்புக் கூடு. நான் உயிர் பிழைக்க ஓடப் பார்த்தது அதற்குத்தான். மூன்று அட்டையிலும் என் ஓகே பல நிறத்தில் சிரித்தது. தினமும் ஓடிய ஒரே குழாய், டிபன் கழுவிய குழாய்.

அட்டை

மேலாளர் என்னைக் கூப்பிட்டு மலாயில் கேட்டார்: குழாய் வேலை செய்தது, அட்டையில் ஓகே இருக்கிறது, கண்ணும் தப்பித்தது, அப்புறம் ரிப்போர்ட்டில் வால்வைப் பற்றி எதற்கு எழுதுகிறாய்? அடைத்தது யாருக்குத் தெரியும்?

கேட்டவுடன் ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். எழுதாமல் விட்டால் என் வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் வால்வை விட்டுவிட்டு எழுதினால் அந்த ரிப்போர்ட்டில் மிச்சமாகும் ஒரே குற்றம், தடை செய்த இடத்தில் டிபன் வைத்த பெண்தான். மூன்றாவது கடிதம் தானாக வெளியே வந்துவிடும். வால்வை நான் அடைத்ததையும், பேனாக்களையும் சேர்த்து எழுதினேன். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இழுப்பறையில் இருந்ததைக் கிழித்துப் போட்டேன்.

அக்காவுக்காக உடைமாற்றும் அறைக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரம் கழுவும் தொட்டி கட்டச் சொல்லி மூன்று மாதம் மேலாளரின் உயிரை வாங்கினேன். கட்டினார்கள். முதல் நாளே அக்கா, "தண்ணி நூலு மாதிரி வருதுண்ணே, ஐவாஷ் குழாய் மாதிரி வராது" என்றார். எனக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மூன்று குழாய்களையும் திங்கட்கிழமைதோறும் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலையையும் அக்காவிடமே கொடுத்தேன். கடிகாரம் பார்த்துச் செய்கிறார். ஒரு விநாடி குறைவதில்லை. திங்கட்கிழமைகளில் அவருடைய டிபன் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பளபளக்கிறது. நான் கேட்பதில்லை.

கொஞ்ச நாள் முன்பு மறுபடியும் தணிக்கை. இந்த முறை வந்தவர் ஒரு மலாய்ப் பெண் அதிகாரி, கெட்டிக்காரி. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறிப்பு எழுதும் இடத்தில் இருந்த குண்டு குண்டான தமிழ் எழுத்தின் மேல் விரலை வைத்து, இது என்ன எழுதியிருக்கிறது, சொல்லுங்கள் என்றார். மேலாளர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி, சாமான் துடைத்துக்கொண்டே அக்காவும் என்னைப் பார்த்தார்.

நான் படித்து, ஒரு வார்த்தை விடாமல் மலாயில் சொன்னேன்.

'தண்ணீர் நன்றாக வந்தது. வால்வை யாரும் அடைக்கக் கூடாது. சேஃப்டி அண்ணனும்தான்.'